மூன்றாம் மாடிக்குப் போன வயர்

எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டில் மௌத்து, அதாவது சாவு விழுந்தால் நாற்பது நாளைக்கு எந்த வீட்டிலிருந்தும் பாட்டுச் சத்தம் வரக்கூடாது. யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. டிவியைக்கூட அடக்கி வைத்துத்தான் பார்ப்போம். கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்துப் பிழைக்கிற எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. ரிதுவான் அந்தப் பெட்டியை என் தலையில் கட்டிய பிறகு தொல்லை தீர்ந்தது. தீர்ந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

ரிதுவான் மூன்றாம் மாடி யமீனா சின்னம்மாவின் மகன். சொந்தமில்லை, கட்டடத்துப் பழக்கத்தில் அவள் எனக்குச் சின்னம்மா, நான் அவனுக்கு மாமா. முப்பத்தோரு வயது, வீட்டில் தாயும் அவனும் மட்டும். எங்கள் குழுவுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் உட்காருகிறவன் அவன்தான். எங்கள் துறைமுக நகரம் ஓரானில் எந்த மண்டபத்தில் எந்த மூலையில் சத்தம் அமுங்கும் என்று அவனுக்கு அத்துப்படி. என்னிடம் அப்போது வால்வு போட்ட பழைய ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி ஒன்று இருந்தது. இரண்டாம் மாடியில் என் வீட்டிலிருந்து அதை இறக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் எப்போதும் ரிதுவான்.

"மாமா, இதத் தூக்கித் தூக்கி உன் முதுகும் போச்சு, என் இளமையும் போச்சு. ஒரு மாடலர் வாங்கு. இத்துனூண்டு பெட்டி. உலகத்துல உள்ள அத்தனை ஆம்ப் சத்தமும் அதுக்குள்ள இருக்கு. மேடையில நேரா என் மிக்ஸருக்கு ஒரு வயர், வீட்டுல ஒரு ஹெட்போன். முடிஞ்சுது."

"பெட்டிக்குள்ள ஆம்ப் இருக்குமாம். அப்ப டப்பாக்குள்ள கடலும் இருக்கும்."

"இருக்கும் மாமா. மத்தி மீன் டப்பாவத் தொறந்து மோந்து பாரு."

அவன் வாயோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது. வாங்கினேன். இரண்டு செங்கல் அகலம், காலால் அழுத்த ஐந்து பொத்தான், ஒரு குட்டித் திரை. அதை மேலே எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்தான். திரும்பக் கொண்டுவந்தபோது ஏழாம் எண்ணில் ஒரு சத்தத்தைச் சேமித்து வைத்திருந்தான். திரையில் அதற்குப் பெயர் 'கிழவன்'. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இந்த மரியாதை. திட்டிக்கொண்டே கிட்டாரைச் செருகி ஒரு தட்டு தட்டினேன். என் பழைய ஆம்பில் எதெல்லாம் எனக்குப் பிடிக்குமோ அதெல்லாம் இருந்தது, கூடவே பின்னால் பெரிய கூடத்தில் வாசிப்பதுபோல் ஓர் எதிரொலி. அன்று முதல் வீட்டிலும் மேடையிலும் ஏழாம் எண்தான். வேறு எண்ணை நான் தொட்டதே இல்லை.

அந்த அக்டோபரில் அவன் படகேறிப் போய்விட்டான். காகிதமில்லாமல், கடல் கடந்து அக்கரைக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலை உடைத்திருப்பேன் என்று தெரியும் அவனுக்கு. அதே படகில் எங்கள் முதல் மாடி ஹாஜி பஷீரின் மகன் ஸாலிஹும் போனான். மொத்தம் பதினோரு பேர். பத்தொன்பது நாள் கழித்து ஸாலிஹின் உடல் மட்டும் கரை ஒதுங்கியது. கைக்கடிகாரத்தை வைத்துப் பஷீர் அடையாளம் சொன்னார். அடக்கம் ஆயிற்று. மற்றப் பத்துப் பேர் இருக்கிறார்களா இல்லையா, அக்கரையில் ஏதாவது சிறையில் கிடக்கிறார்களா, யாருக்கும் தெரியவில்லை.

முதல் மாடியில் துக்கம். அதுவரை ஸ்பீக்கரில் வாசித்த நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பயிற்சி செய்வது என் பன்னிரண்டு வருஷப் பழக்கம். வயரைச் செருகி, ஏழாம் எண்ணை அழுத்தி, ஊருக்குத் தெரியாமல் வாசித்தேன். என்ன அருமையான ஏற்பாடு என்று பூரித்துப்போய் மனைவி ஃபதீஹாவிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

ஒன்பதாம் நாள் யமீனா சின்னம்மா கதவைத் தட்டினாள். உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"லக்தர், உன்கிட்ட யாரு என்ன சொன்னாங்க?"

"எதப் பத்தி சின்னம்மா?"

"நடிக்காத. எம் புள்ளையப் பத்தி."

"அல்லா மேல ஆணையா யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஏன் வாசிக்கிறத நிறுத்தின? பன்னெண்டு வருஷமா என் காலுக்கடியில டங்கு டங்குன்னு அடிச்சு என் தூக்கத்தக் கெடுத்தவன் நீ. ஒம்போது நாளாச் சத்தத்தக் காணோம்."

"நிறுத்தலையே. கீழ ஸாலிஹுக்காகத்தான்... இங்க பாருங்க." ஹெட்போனை எடுத்து அவள் முக்காட்டின் மேலேயே மாட்டிவிட்டேன். நாலைந்து வரி வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஸாலிஹுக்காகன்னு உனக்குத் தெரியும். படியில ஏறி எறங்குறவங்களுக்கு என்ன தெரியும்? லக்தரே அடங்கிட்டான், அப்ப படகுல போன ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. நீ வாயத் தொறக்காமலே எம் புள்ளைக்கு ஜனாஸா தொழுதுட்ட, லக்தர்."

சாவுத் தொழுகையா! மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த மரியாதை நேராக மூன்றாம் மாடிக்குப் போய் ஒரு தாயின் முகத்தில் அறைந்திருக்கிறது.

"நாளையிலேருந்து சத்தமா வாசி. எங்க வீட்டுல யாரும் மௌத்தாகல" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மறுநாள் பெட்டியை ஸ்பீக்கரில் செருகி வாசித்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஹாஜி பஷீர் வாசலில் நின்றார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன், குரல் ஏழு தெருவுக்குக் கேட்கும். அன்று கத்தவே இல்லை.

"லக்தர், மூணாம் நாள் துக்கச் சாப்பாட்டுல எங்க வீட்டு குஸ்குஸ் சாப்ட்ட. நல்லாயிருந்துதா?"

அவ்வளவுதான் கேட்டார். ஸ்பீக்கரை அணைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன். கேட்காமலே இறங்கிப் போய்விட்டார்.

"வாசிச்சா கீழ உள்ளவருக்கு அவமானம், வாசிக்கலைன்னா மேல உள்ளவளுக்கு மௌத்துச் செய்தி" என்றாள் ஃபதீஹா. "நீ பேசாம ரொட்டிக்கடை வேலைக்குப் போயிருக்கலாம்."

"வாய மூடுறியா கொஞ்சம்?"

"நான் மூடிக்கிறேன். அந்தப் பெட்டிய என்ன பண்ணப் போற?"

இரவெல்லாம் புரண்டேன். காலையில்தான் புத்தி வேலை செய்தது. ரிதுவான் என் வீட்டில் போட்டுவிட்டுப் போன நீளமான வயர் ஒன்று இருந்தது. பெட்டியின் ஹெட்போன் துளையில் இரட்டைப் பின் மாட்டி, ஒன்றில் என் ஹெட்போனைச் செருகினேன். இன்னொன்றிலிருந்து அந்த நீள வயரை எடுத்து, சமையலறை ஜன்னல் வழியாக, எல்லா மாடிக்கும் பொதுவான காற்றுக்குழி டக்ட்டுக்குள் விட்டு, மேலே அவள் சமையலறைக்கு ஏற்றினேன். அதன் நுனியில் ரிதுவானின் பழைய ஹெட்போன். சின்னம்மா முதலில் முறைத்தாள்.

"ஊர் கேக்கணும்னு சொன்னேன். எனக்கு மட்டும் கேட்டு என்னத்துக்கு?"

"ஊர் கெடக்கட்டும் சின்னம்மா. நான் நிறுத்தலைன்னு நீங்க தெரிஞ்சுக்கிட்டாப் போதாதா?"

யோசித்தாள். ஜன்னலைத் தாண்டி வந்த வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "மாட்டுறதுல எது வலது, எது இடது?" என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அதன் பிறகு தினமும் அஸர் முடிந்தால் அவள் அங்கே, நான் இங்கே. முதல் மாடியில் குர்ஆன் ஓதுகிற சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் தப்பாக வாசித்தால் வயரை ஓர் இழுப்பு இழுப்பாள். நானும் அவளுக்குப் பிடித்த பாட்டாகப் பார்த்து வாசித்தேன். துக்கம் இருபத்து நாலு, இருபத்தைந்து நாள் என்று ஓடியது. அக்கரையிலிருந்து ஒரு போன் இல்லை.

அந்த வாரம் ஐன் துர்க்கில் ஒரு கல்யாணம், பகல் விருந்து. ரிதுவான் போன பிறகு எனக்கு முதல் மேடை. வெளியூர் என்றாலும் பஷீரிடம் சொல்லிக்கொண்டுதான் போனேன். எங்கள் குழுத் தலைவன் ஜெலூல் மிக்ஸருக்குப் புது ஆளைப் பிடித்து வந்திருந்தான். கெட்ட ஆள் இல்லை. ஆனால் வந்த சத்தத்தை வந்தபடியே விடுகிறவன். ஏழாம் எண்ணை அழுத்தி ஆரம்பித்தேன். ஹெட்போனில் தேனாக இருந்த சத்தம் அந்த மண்டபத்தில் கரைந்து காணாமல் போயிற்று. கீபோர்டும் தாளமும் அதை விழுங்கிவிட்டன. எதிரொலி ஒரே குழப்படி. அப்போதுதான் உறைத்தது: ஒவ்வொரு மேடையிலும் ரிதுவான் மிக்ஸரில் எனக்காக எதையோ குறைத்து எதையோ ஏற்றி வந்திருக்கிறான். நான் என் விரல்தான் பெரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் மைக்கைப் பார்த்துக் குனிந்து, "ரிதுவான், என்னக் கொஞ்சம் ஏத்து!" என்றேன்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. புது ஆள் யாரைச் சொல்கிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

நான் மேடையை விட்டிறங்கிச் சமையல்கட்டுக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஜெலூல் வந்து தோளில் கை வைத்தான்.

"அழுதுக்கண்ணே. அழுது முடிச்சிட்டு வந்து பெட்டியச் சரி பண்ணு. கிட்டார் எங்க இருக்குன்னு மாப்பிள்ளையே தேடுறாரு."

முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். எதிரொலியை அறுத்தேன், கனத்தைக் குறைத்தேன், நடுச் சத்தத்தை ஏற்றினேன். கிட்டார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பெண்கள் எழுந்து ஆடினார்கள். திரை 'சேமிக்கவா?' என்று கேட்டது. அடுத்த பாட்டுக்கு ஜெலூல் கை காட்டிவிட்டான். ஏழாம் எண்ணிலேயே அழுத்திவிட்டேன்.

மறுநாள் அஸருக்குப் பிறகு வழக்கம்போல் உட்கார்ந்தேன். முதல் பாட்டு பாதிகூட ஆகவில்லை, படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்துதான் இருந்தது.

"என்ன பண்ணின அத?" என்றாள் சின்னம்மா. கையில் ஹெட்போன்.

"எத?"

"அந்தச் சத்தத்த. எதிரொலி எங்க? எம் புள்ள என் சமையலறையில உக்காந்து ஒரு வாரம் செஞ்சது அது. உம்மா இப்படியா, உம்மா அப்படியான்னு இந்த ஹெட்போன என் காதுல மாட்டி மாட்டி உயிர வாங்கினான். எதிரொலி கூட இருக்கட்டும்டான்னு சொன்னதே நான்தான்."

எனக்கு இது தெரியாது. அவன் சொல்லவே இல்லை.

"நேத்து மேடையில கேக்கல சின்னம்மா. அதான் மாத்தினேன்."

"சரி. மாத்தினத எடுத்துட்டுப் பழசப் போடு."

"பழசு இல்ல. அது மேலேயே எழுதிட்டேன்."

"ஏன், அந்தப் பெட்டியில வேற எடம் இல்லியா?"

"இருக்கு. நூறு எடம் காலியா இருக்கு."

அவள் என்னையே பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். "விடுங்க சின்னம்மா, ரிதுவான் வந்தா..."

அதற்கு மேல் நாக்கு எழவில்லை. நாளொன்றுக்கு நாற்பது பொய் சொல்கிறவன் நான். கல்யாண வீட்டில் ஒவ்வொரு பெண்ணையும் ராணி என்பேன். இந்த ஒரு பொய் வரவில்லை.

"முடி" என்றாள். "சொல்ல வந்தத முடி, லக்தர்."

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் 'கிழவன்' என்று இருந்தது. ஃபதீஹா சமையலறையிலிருந்து வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

சின்னம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அவன் வருவான்னு உனக்குள்ள துளி நம்பிக்க இருந்திருந்தாலும் உன் கை வேற எடத்துக்குப் போயிருக்கும்."

"என்ன மன்னிச்சிருங்க சின்னம்மா."

"உன்னச் சொல்லல. அவன் போன நாள்லேருந்து ரெண்டு பேருக்குத்தான் குஸ்குஸ் ரவை அளந்தேன். முந்தாநாள் ஒரு ஆளுக்கு அளந்துட்டேன். வெந்த பிறகுதான் பாத்தேன்." கையிலிருந்த ஹெட்போனை என் மடியில் வைத்தாள். "என் கையும் அப்படித்தான் போகுது."

எழுந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெளியே போனாள். மேலே ஏறவில்லை. கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

துக்க வீடு என்பதால் முதல் மாடிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஸாலிஹ் அடக்கமானதிலிருந்து அந்த வாசலை மிதிக்காத ஒரே ஆள் சின்னம்மாதான். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் குறையாக எடுத்துக்கொண்டதும் இல்லை. அவளைப் பார்த்ததும் பஷீர் எழுந்து நின்றார்.

"அல்லா உங்களுக்குப் பொறுமையத் தரட்டும், ஹாஜி" என்றாள். மௌத்து வீட்டாரிடம் மட்டும் சொல்கிற வார்த்தை அது.

"ஆமீன்" என்றார் பஷீர். அதோடு நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மெல்ல, "உங்களுக்கும் தரட்டும், யமீனா" என்றார்.

"ஆமீன்" என்றாள் சின்னம்மா.

பாயில் இருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து, ஸாலிஹின் தாய்க்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்கள்.