முப்பத்தெட்டு நிமிடங்களுக்கு முன்பு

என் தங்கச்சி அம்பிகாவின் புருஷன் மல்லையன் செத்துப் பதினேழு நாள் ஆகிறது. ஆனால் அவள் போனில் அவன் இன்னும் வழுக்குப்பாறைமேல்தான் நிற்கிறான். சின்ன வட்டம், அதற்குள் அவன் போட்டோ. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இளிக்கிறான். அந்தக் கண்ணாடி என்னுடையது.

அம்பிகா அதை ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள். அன்றைக்குக் காலையில், களி ஆறிப்போகிறதே, இந்த ஆளை இன்னும் காணோமே என்று பள்ளிக்கூடத்துப் படிக்குப் போயிருக்கிறாள். ஊருக்குள் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். மேப்பைத் திறந்தால் புருஷன் பாறைமேல் நிற்கிறான், நகரவே இல்லை. வந்ததும் சண்டை போட ஆதாரம் வேண்டுமே, படம் பிடித்துக்கொண்டாள். சண்டை போட அவன் வரவில்லை. நாங்கள் மூன்று பேர் அவனைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம்.

சுட்டது நான். சுற்றி வளைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேட்டைக்குக் கூட வந்த சென்றாயன் மாமாவுக்கும் கூட்டாளி ஆண்டிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அம்பிகாவுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் சித்தேரி மலையில், பஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். சாமை போடுவோம், மரவள்ளி போடுவோம். பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. சில வருடம் முழுசும் பன்றிக்கே. அதனால் துப்பாக்கி எடுப்போம். சட்டப்படி தப்பு என்று எங்களுக்கும் தெரியும், பன்றிக்குத்தான் தெரியாது.

வேட்டைக்குப் போனால் ஒரு பழக்கம் உண்டு. புதர் அசைந்தால் உடனே சுடக்கூடாது. ஒரு தரம் கூவ வேண்டும். மற்றவர்கள் நிற்கிற இடத்திலிருந்து பதில் கூவுவார்கள். எல்லாக் குரலும் வேறு திசையிலிருந்து வந்த பிறகுதான் விசையில் கை போக வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த மலையில் இருக்கும். மூன்று நாள் அலைந்து ஒரு முயல்கூட இல்லாமல் வருவோம்.

நான் பெங்களூரில் மூன்று வருடம் சாப்பாடு டெலிவரி செய்தவன். கால் உடைந்து ஊருக்குத் திரும்பினேன். அங்கே மேப்தான் எனக்குச் சாமி. கஸ்டமர் வீட்டுக்குள் உட்கார்ந்து என் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் ஒரு டீ குடிக்க நின்றால்கூட, "ஏன் அண்ணா நின்னுட்டீங்க" என்று போன் வரும். ஆள் எங்கேயோ புள்ளியும் அங்கே. மூன்று வருடத்தில் அது ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அதைத்தான் மலைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் நாலு பேர் போனிலும் ஒருத்தன் இருக்கும் இடம் இன்னொருத்தனுக்குத் தெரிகிற மாதிரி போட்டுக்கொடுத்தேன். அம்பிகா கேட்டாள் என்று அவள் போனிலும் போட்டேன். "இனிமே எதுக்கு மாமா நரி மாதிரி கத்திக்கினு? போனைப் பாருங்க, சுடுங்க" என்று சென்றாயனிடம் சொன்னேன். அவருக்கு அரை மனசு. ஆனால் முதல் மாதமே மூன்று பன்றி விழுந்தது. ஊரில் வெறும் சத்யராஜாக இருந்த எனக்கு மேப்பு சத்யராஜ் என்று பேர் வந்தது. அந்தப் பேரைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அன்றைக்கு மார்கழிப் பனி. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. மல்லையனைப் பாறைமேல் நிறுத்திவிட்டு நான் ஓடைக்கு இறங்கினேன். மற்ற இருவரும் மூங்கில் பக்கம் போனார்கள். பாறையில் இருப்பது அவன் முறை. ரொம்ப நேரம் கழித்து எனக்கு முன்னால் உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. கருப்பாக ஒரு முதுகு. போனை எடுத்துப் பார்த்தேன். மூங்கில் பக்கம் இரண்டு வட்டம். பாறைமேல் கூலிங் கிளாஸ், இளிப்பு. மூன்று பேரும் தூரத்தில். சுட்டேன்.

மல்லையன் கருப்புக் கம்பளி போர்த்தியிருந்தான். நான் போய்ப் புரட்டியபோது, "மச்சான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என் கையில் போன் அப்படியே இருந்தது. அவன் முகத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து: 38 நிமிடங்களுக்கு முன்பு. ஓடையில் சிக்னல் கிடையாது. பெங்களூரில் சிக்னல் இல்லாத ஓடை கிடையாது, அதனால் நான் அந்த எழுத்தை ஒரு நாளும் படித்ததில்லை.

எதற்காகப் பாறையை விட்டு இறங்கி வந்தான்? பன்றி இந்தப் பக்கம் வருவதைப் பார்த்தானா, குளிர் தாங்காமல் பீடி கேட்க வந்தானா? இருபது விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் தூங்க விடவில்லை.

மற்றதெல்லாம் சென்றாயன் மாமா செய்தார். என் துப்பாக்கியை வாங்கிப் பாறை இடுக்கில் போட்டார். மல்லையன் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தார். "பன்னி வெரட்டப் போயி ஓடைல கால் தடுக்கி உழுந்தான், அவன் துப்பாக்கியே வெடிச்சிருச்சி. அவ்ளோதான். மூணு வாயும் ஒரே மாதிரி பேசணும்" என்றார். "நீயும் உள்ள பூட்டா அந்தப் பொண்ணுக்கு யாருடா இருக்கிறா?" போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

நேற்றுப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று விடிந்ததும் அம்பிகா என் வீட்டு வாசலில் நின்றாள். தலைகூட வாரவில்லை.

"அண்ணா, பாறைக்குக் கூட்டிக்கினு போ. பாத்துட்டுப் பத்தரை பஸ்ஸுக்கு அரூர் போறேன். ஸ்டேஷனுக்கு."

"எதுக்கு?"

"நீங்க மூணு பேரும் ஓடைன்னு சொல்றீங்க. அவுரு பாறைல இருந்தாரு. என் போனே சொல்லுது. பாறைல வெச்சிச் சுட்டுட்டு ஓடைக்கு இழுத்துப் போட்டிருக்காங்க."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்கற பாரு. சென்றாயன்தான். பலா மரத்துக்காக வரப்புல வெச்சி அவுரு மண்டைய ஒடச்ச ஆளுதான? அன்னிக்கு ரெண்டு வெடிச் சத்தம் கேட்டுது. தடுக்கி உழுந்தவன் துப்பாக்கி ரெண்டு தரம் வெடிக்குமா? உன்ன மெரட்டி வெச்சிருக்கறான், எனக்குத் தெரியும்."

என்னைக் காப்பாற்றப் போன மனுஷன் தலையில் கொலைப்பழி விழப்போகிறது. அவர் வாயைத் திறக்க மாட்டார், அது எனக்கு நிச்சயம். புள்ளி ஏன் பாறையில் இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிப்பார். சொன்னால் இவள் என்னைக் கண்டுபிடித்துவிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பாறை ஏறியதும் அவள் குனிந்து தேட ஆரம்பித்தாள். பிறகு முட்டி போட்டாள். பாறை முழுவதும் சிவப்புத் திட்டு, கருப்புத் திட்டு. ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, இது ரத்தமா பாரு."

"பாசி, கண்ணு."

"இது?"

"அதுவும் பாசிதான்."

"மழயே பெய்யலயே. எங்கப் போயிருக்கும்? கழுவிட்டிருப்பாங்களா?" நகக்கண்ணில் அவளுடைய ரத்தமே வந்துவிட்டது. அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி சுரண்டினாள். சின்ன வயதில் முள் குத்தினால் நான்தான் எடுத்துவிடுவேன், வேறு யாரிடமும் காலை நீட்ட மாட்டாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"உடு அம்பிகா. சென்றாயன் மாமா ஒண்ணும் பண்ணல."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"அந்தப் போட்டோவ எடு. அவன் மூஞ்சிக்குக் கீழ என்னா எழுதியிருக்குது, படி."

அவள் போனை எடுத்து விரலால் பெரிதாக்கினாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தாள். "ஒரு மணிநேரத்திற்கு முன்பு."

"பாறைல டவர் கெடைக்கும், ஓடைல கெடைக்காது. எறங்கிட்டா புள்ளி எறங்காது. கடசியா டவர் கெடச்ச எடத்துலியே நின்னுக்கும். ஆளு எங்கப் போனாலும் இங்கியே இருக்கற மாதிரி காட்டும்."

"அப்ப அவுரு ஓடைலதான் இருந்தாரா?"

"ஆமா."

அவள் போனைப் பார்த்தாள், கீழே பனிக்குள் ஓடை இருக்கும் பக்கம் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. அவள் புத்திசாலி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பதினேழு நாளாக அவள் கண்ணைப் பார்க்காமல் இருந்தேன்.

"அண்ணா, அன்னிக்கு நீயும் இதத்தான் பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"ஆமா" என்றேன்.

"கூவலியா?"

"இல்ல."

"ஏன்?"

"பன்னி ஓடிரும்னு."

"பன்னி ஓடிரும்னு" என்று அவளும் ஒரு தரம் சொன்னாள். அழவில்லை, என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்தப் பொதரு?" என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். பனியில் ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் காட்டினேன். அவள் இறங்கினாள். நானும் ஒரு எட்டு வைத்தேன். "நீ வராத" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பாறையில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், போனை எடுத்துப் பார்த்தேன். என் வட்டத்தோடு ஒட்டி அவள் வட்டம் நின்றுகொண்டிருந்தது. இப்போது இருக்கிறாள் என்றது. பிறகு 4 நிமிடங்களுக்கு முன்பு என்றது. பிறகு 9. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று போன் சொன்னது. கீழே ஓடையில் ஒரு புதர் அசைந்தது. மல்லையன் விழுந்த அதே இடம்.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கையை வாயில் குவித்துக் கூவினேன். வருடக்கணக்கில் கூவாததால் குரல் பிசிறடித்தது. காத்திருந்தேன். மறுபடி கூவினேன். மல்லையனாக இருந்தால் நான் வாயை மூடுவதற்குள் பதில் வந்திருக்கும். கூப்பிட்ட குரலுக்கு எப்போதும் பதில் சொல்கிற ஆள் அவன். ஒரே ஒரு தரம் கூவியிருந்தால் போதும், பீடியை வாயில் வைத்துக்கொண்டே, "நான்தான் மச்சான்" என்று எழுந்து நின்றிருப்பான்.

மூன்றாவது தரமும் கூவினேன். என் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அம்பிகாவுக்குக் கேட்டிருக்கும், ஓடை ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. புதர் அசைந்துகொண்டே இருந்தது. அவள் பதில் தரவில்லை.