தம்பிக்கு வைத்த சாப்பாடு

பெரிய பங்களா ஒன்றுக்கு கேட் மாட்டி முடித்த அன்று, வெல்டர் ஒரு கையில் கறுப்புக் கண்ணாடியும் இன்னொரு கையில் நாய்க்குட்டியுமாக வீட்டுக்குள் வந்தார். கிரேட் டேன் வகை. ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்காரம்மா ஒரு குட்டியைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டிருந்தாள். கடைசியாக நின்றது இது. பாதம் ஒவ்வொன்றும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் அவ்வளவு பெரிது, அண்ணனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி.

"இத எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கொடுத்தாங்க."

மகள் இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சு இந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம். அவர் பட்டறையிலிருந்து வரும்போது மேசைமேல் அவர் தட்டு மூடியிருக்கும். அவள் ஆஸ்பத்திரியிலேயே ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூட ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டுமே.

குட்டிக்கு யார் பெயர் வைத்தது என்று தெரியவில்லை. இரண்டாம் நாளே இருவரும் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் ஒரு தம்பி வேண்டும் என்று மகள் உயிரை வாங்கியது இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குட்டியோடு ஒரு தாளும் வந்திருந்தது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று இருக்கும் தீனியை மட்டும் போட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளைக்கும் நிறுத்துப் போட வேண்டும். பால், முட்டை, கால்சியம் எதுவும் கூடாது. வேகமாக வளரவிடக் கூடாது. வெல்டர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"இதுல உள்ளபடி போடு. ஒரு கிராம் கூட வேணாம்."

"எனக்கா சொல்றீங்க?" என்றாள் அவள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். அவள் வேலையே அது. ஆஸ்பத்திரியின் பத்தியச் சமையல்கட்டில் பதினாறு வருஷமாகத் தராசின் முன்னால் நிற்கிறாள். உப்பில்லாத தட்டு, சர்க்கரை இல்லாத தட்டு, கரைத்துக் குடிக்கும் தட்டு என்று நூற்றிருபது தட்டு அவள் கை வழியாகப் போகும். அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், வயிற்றில் வந்த நோயோடு, மகள் பதினோரு மாதம் படுத்திருந்தாள். அந்தத் தட்டையும் அவள்தான் நிறுத்து அனுப்பினாள். மத்தியானம் தள்ளுவண்டியில் திரும்பி வரும் தட்டுகளில் ஒன்று மட்டும் கை படாமல் வரும். அதைக் கொட்டிக் கழுவியதும் அவள்தான்.

தம்பி சாப்பிடுவதை முதல்முறை பார்த்தபோது அவள் கைவேலையை அப்படியே விட்டுவிட்டாள். முழங்கால் இரண்டையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். குட்டி மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டால் எடுப்பதே இல்லை. தீனி தீர்ந்த பிறகும் கிண்ணத்தை நக்கி, சமையலறை முழுக்கத் தள்ளிக்கொண்டே போய், கதவில் முட்டி நிறுத்தி, திரும்பி அவளைப் பார்க்கும். இன்னும் இருக்கா என்று கேட்கும் பார்வை. அந்தப் பார்வைக்காக அவள் பதினோரு மாதம் ஏங்கியிருந்தாள்.

மூன்றாம் நாள், வெல்டர் பட்டறைக்குக் கிளம்பியதும், ஒரு முட்டையை அவித்துக் கொடுத்தாள். ஒரு முட்டையில் என்ன ஆகிவிடப் போகிறது. அடுத்த வாரம் முட்டை இரண்டானது, கூட ஒரு டம்ளர் பால். பிறகு ஈரல். மருந்துக்கடைக்காரர் வளரும் பிள்ளைகளுக்கு என்று எடுத்துக் கொடுத்த இளஞ்சிவப்பு கால்சியம் டானிக்கும் வந்தது. பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்க எலும்பு பலமாக வேண்டாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

தம்பி மளமளவென்று வளர்ந்தான். எதிர்வீட்டு டிரைவர் தெருவில் நின்று பார்த்துவிட்டு, "இது நாய்தானா, இல்ல உங்க வீட்டுக்காரர் கன்னுக்குட்டிய மாத்தித் தூக்கிட்டு வந்துட்டாரா?" என்றார். அவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் சிரித்ததே அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் அவர் சொன்னதைக் கணவரிடம் சொன்னாள். வெல்டரும் சிரித்தார். அன்று இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி மேசைக்கு அடியில் இருவர் கால்மேலும் பாதி பாதியாகப் படுத்திருந்தான்.

நாலாம் மாதம் ஊசி போடப் போனபோது டாக்டரம்மா தம்பியை எடைமேடையில் ஏற்றினாள். எடையைப் பார்த்தாள், பிறகு இரண்டு பக்கமும் விலாவில் கைவைத்து அழுத்திப் பார்த்தாள்.

"விலா எலும்பு கைக்கே தட்டுப்படல. இந்த வயசுல இது ஒல்லியாத்தான் இருக்கணும். தடவினா எலும்பு ஒவ்வொன்னும் தெரியணும். என்ன போடறீங்க?"

"தாள்ல இருக்கறதுதான், டாக்டர். வேற எதுவும் இல்ல" என்றார் வெல்டர்.

மனைவி சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தீனியில பத்துல ஒரு பங்கு குறைங்க. குண்டா இருந்தா பாக்க அழகாத்தான் இருக்கும். கால்தான் பாவம்."

வெல்டர் அன்றிலிருந்து குறைத்து நிறுத்தார். காலியான கிண்ணத்தோடு தம்பி வீட்டைச் சுற்றி வந்தான். அவளால் பார்க்க முடியவில்லை. குறைத்ததை ஈடுகட்டி, அதற்கு மேலும் கொடுத்தாள்.

ஆறாம் மாதம் ஒரு காலை, தம்பி எழுந்திருக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வாலை ஆட்டினான், முன்கால்களை ஊன்றினான், முனகிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டான். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன, உடம்பு காய்ச்சலில் கொதித்தது. கொஞ்ச நாளாகவே முன்பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்ததை இருவரும் பார்த்திருந்தார்கள். வளர்கிற பிள்ளை, தானாகச் சரியாகிவிடும் என்று இருவருமே மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குமுன் வைத்துக் காட்டினாள். முன்கால் எலும்பு இரண்டில் ஒன்று வளர்வதை நிறுத்திவிட்டது. மற்றொன்று வளர இடமில்லாமல் வில்லாக வளைந்திருந்தது. முழங்கை மூட்டும் இடம் பிசகியிருந்தது. இரண்டு காலிலும்.

"நீங்க வெல்டர்தானே? பத்தவச்ச சூடு ஆறறதுக்கு முன்னாடி பாரம் ஏத்தினா என்ன ஆகும்?"

"கோணிக்கும்."

"அதான் ஆயிருக்கு. இந்த ஜாதி குட்டிக்கு எலும்பு முதிர ஒன்றரை வருஷம் ஆகும். அதுக்குள்ள வெயிட்ட ஏத்திட்டோம்னா தாங்காது. அதவிட மோசம் கால்சியம். வளர்ந்து முடிஞ்ச நாய்க்கு வேண்டாத கால்சியத்த உடம்பு உள்ள வாங்காது. சின்னக் குட்டிக்கு அந்த வித்த தெரியாது, கொடுத்ததெல்லாம் எலும்புல போய் ஏறும். தீனி மட்டும் போட்டா இவ்வளவு ஆகாது. மறைக்காம சொல்லுங்க."

மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். முட்டை, பால், ஈரல், டானிக். எத்தனை ஸ்பூன் என்று டாக்டரம்மா கேட்டாள். அதையும் சொன்னாள். கணவர் பக்கம் திரும்பவில்லை. அவர் கத்துவார், கத்தட்டும் என்று நினைத்தாள்.

வெல்டர் கத்தவில்லை. வெகுநேரம் தம்பியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானும் போட்டேன்" என்றார்.

சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போகும் சாக்கில் தம்பியைப் பட்டறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே ஒரு டின்னில் எலும்புத்தூள். பால் பவுடரில் குழைத்து, ரொட்டியில் தடவி, தினமும். முதல் வாரத்திலிருந்தே.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வந்தது. இரண்டு வருஷமாக வராத சண்டை.

"தாள ஒட்டினது நீங்க. எனக்குப் பாடம் சொன்னது நீங்க."

"நீ சரியா நிறுத்துப் போடறேன்னு நினைச்சுத்தான் நான் கொஞ்சம் சேர்த்தேன். பதினாறு வருஷமா அதுதானே உன் பொழப்பு."

"ஆமா, அதுதான் என் பொழப்பு." அவள் குரல் ஏறவில்லை. "அவளுக்கும் நிறுத்துத்தான் போட்டேன். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்தபடி. ஒரு கரண்டி கூட்டல, ஒரு கரண்டி குறைக்கல. என்ன ஆச்சு? ஒழுங்கா அளந்து போட்டு என்ன கண்டேன் நான்?"

வெல்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசி மாசம் அவள பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனது நான்தான். என் கையில வெறும் எலும்பாத்தான் இருந்தா. இந்த டாக்டரம்மா என்னடான்னா, விலா எலும்பு தெரியணும்னு சொல்றா. தெரிஞ்சாத்தான் நல்லதாம். எப்படிங்க அத ஒத்துக்கறது?"

மனைவியை அவர் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. யாரிடம் கேட்டாரோ.

தம்பி இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

அதன்பிறகு தாளில் இருந்தது மட்டும்தான் கிண்ணத்துக்குப் போனது. அவள் நிறுப்பாள், அவர் தராசைப் பார்ப்பார். அவர் நிறுத்தால் அவள் பார்ப்பாள். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பழைய போர்வையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கொரு முனை பிடித்து வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். ஐம்பத்தைந்து கிலோ. வெல்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கியது, வீக்கமும் கொஞ்சம் வடிந்தது. வளைந்த கால் வளைந்தபடியே நின்றது. ஒரு காலென்றால் அறுத்துப் பார்க்கலாம், இரண்டு காலும் முழங்கையும் என்றால் தன்னால் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னாள். இன்னொரு பெரிய டாக்டரிடமும் காட்டினார்கள். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

எட்டாம் மாதம் பங்களாவில் கேட் சிக்குகிறது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்த வெல்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"இவன் கூடப் பொறந்தது அங்க இருக்குல்ல."

"ம்."

"இவன்ல முக்கால்வாசிதான் இருக்கான். ஒல்லி. நான் கேட் கீல அரத்தால ராவிக்கிட்டு இருக்கேன், தோட்டத்துல இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு ஓடறான். திரும்பறான், ஓடறான். அந்தம்மா ஒன்னும் பெருசா செய்யல. அந்தத் தாள்ல உள்ளதுதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் போய் தம்பியின் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம் தம்பி போர்வையைக் கண்டாலே நடுங்க ஆரம்பித்தான். தூக்கினால் வலி, படுத்தாலும் வலி. ஒருநாள் தூக்கப் போன வெல்டரின் கையைப் பல்லால் பிடித்தான். கடிக்கவில்லை. பிடித்ததும் விட்டுவிட்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி அந்தக் கையையே நக்கினான். மறுநாள் டாக்டரம்மாவுக்கு போன் செய்தது அவள்தான்.

"காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள் டாக்டரம்மா. பிறகு சற்றுத் தயங்கி, "இனிமே எதுவும் ஆகப்போறதில்ல. வர்றதுக்கு முன்னாடி அவனுக்குப் பிடிச்சத வயிறாரக் கொடுங்க" என்றாள்.

அவள் நாலு முட்டை அவித்தாள், ஈரல் வதக்கினாள். வெல்டர் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, பயமில்லாமல், ஒருவர் பார்க்க ஒருவர் ஊட்டினார்கள். தம்பி ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போகக் காலில்லை. இருந்த இடத்திலேயே நக்கிவிட்டு, தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ஊசி போடும்போது தலை அவள் மடியில் இருந்தது. வால் இரண்டு முறை தரையில் அடித்தது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

தம்பியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வேனில் திரும்பும்போது வெல்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பின்னால் உட்கார்ந்தாள். வீடு வந்ததும் அவர் இறங்காமல் அப்படியே பட்டறைக்குப் போகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அவள் ஆஸ்பத்திரி மேலாளரிடம் போய் நின்றாள்.

"சமையல்கட்டுலேர்ந்து என்ன மாத்திடுங்க. துணி வெளுக்கற பக்கம் எங்கயாவது போடுங்க."

"பதினாறு வருஷ அனுபவம் உங்களுக்கு. ஒரு புகார் வந்ததில்ல. ஏம்மா?"

"முடியல, சார்."

இப்போது அவள் தரைத்தளத்தில் வேலை பார்க்கிறாள். நீராவி, சோப்பு வாடை, மெஷின் இரைச்சல், யாரும் யாரோடும் பேச முடியாது. மூன்றாம் மாடிப் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வருகின்றன. மூட்டையைப் பிரித்து, உதறி, உள்ளே போட்டு, மூடியைச் சாத்துகிறாள். வெல்டர் பட்டறையிலேயே ஒரு ஸ்டவ் வாங்கி வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறார். வந்தால் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவள் டீ கொண்டுபோய் வைப்பாள். அவர் குடிப்பார். எதிர்வீட்டு டிரைவர் அந்தப் பக்கமாகப் போனால் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்துவிடுவார்.