முப்பத்தெட்டாவது கேள்விக்கு ஐந்து மதிப்பெண்

விடைத்தாள் திருத்துகிறவர்கள் எல்லாவற்றையும் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிற பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கும். யார் படிக்கிறார்கள்? இடது ஓரத்தில் எண் போட்டிருக்கிறதா, அடிக்கோடு இருக்கிறதா, விடைக்குறிப்பில் உள்ள சொல் எங்காவது கண்ணில் படுகிறதா என்று பார்ப்போம். பட்டால் ஒரு டிக். ஐந்து டிக் விழுந்தால் ஐந்து மார்க். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள் முடித்தாக வேண்டும். பதினேழு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறேன், பத்துப் பன்னிரண்டு முகாம் பார்த்துவிட்டேன். பாதித் தூக்கத்தில்கூட என் கை சரியாகத் திருத்தும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷ முகாம் ஒரு ஆரம்பப் பள்ளியில் நடந்தது. பெஞ்செல்லாம் குழந்தைகள் உட்காருவது. முட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்பது வாத்தியார்கள் நாள் முழுக்க நெளிந்துகொண்டிருந்தோம். மின்விசிறியைப் போட்டால் தாள் பறந்தது, நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டியது. மூன்றாம் நாள் மதியம், கூட்டலைச் சரிபார்க்கிற பெண் ஒரு விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். விதியில் உள்ளதை எல்லாம் அப்படியே செய்கிற வயசு.

"அக்கா, முப்பத்தெட்டாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டிருக்கீங்க. ஆனா டிக்கும் இல்ல, கோடும் இல்ல. படிச்ச அடையாளமே இல்லையே?"

"நம்பர் போடல, அடிக்கோடு போடல. அதுல என்னத்தப் படிக்கிறது?"

"மொத்தம் முப்பத்திரண்டு வருது அக்கா. மூணு மார்க்ல போகுது. அதான் கேட்டேன்."

குரலில் மரியாதை இருந்தது, ஆனால் தாளை வைத்துவிட்டுத்தான் போனாள். எனக்குச் சுருக்கென்றது. திருத்த வந்த இடத்தில் நம்மையே ஒருத்தி திருத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது.

கேள்வி எனக்கு மனப்பாடம். 'போர் மூண்டதற்கான காரணங்கள் ஐந்தினை விளக்குக.' விடைக்குறிப்பு தயாரித்த குழுவில் நான் இருந்தேன். அந்த ஐந்தையும் எழுதியது என் கைதான். முதல் காரணம்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் எங்கள் கடைவீதியைக் கொளுத்தி நாற்பத்தொரு பேரைக் கொன்றது. மற்ற நான்கும் அதன் பின்னாலேயே வந்தவை. பாலத்தில் மோதல், சாவடித் தாக்குதல், பேச்சுவார்த்தை முறிவு, படை நகர்வு. போரில் ஜெயித்தது நாங்கள், அதனால் புத்தகமும் எங்களுடையது. போர் ஐந்து வருஷம் நடந்து, சமாதானமாகி ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவர்கள் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் இப்போது ஒரே பள்ளியில் உட்கார்ந்து இந்த ஐந்தைத்தான் உருப்போடுகிறார்கள்.

சரி, படித்துத் தொலைப்போம் என்று எடுத்தேன். கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது.

'போர் மூண்டதற்குக் காரணம் என் அப்பா. அவர் வானொலியில் செய்தி வாசித்தவர். அன்று மாலை ஆறு மணிச் செய்திக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைவீதியை எரித்துவிட்டார்கள், நாற்பத்தொரு பேர் இறந்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. அப்பா அதை வாசித்தார். செவ்வாய்க்கிழமை கடைவீதிக்கு விடுமுறை. அது அப்பாவுக்குத் தெரியும். எனக்குப் பால் பவுடர் முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். எரிந்தது ஒரு துணிக் கிடங்கு. மின்கம்பி உரசி எரிந்தது. உள்ளே யாரும் இல்லை. வாசித்து முடித்த பிறகுதான் இதெல்லாம் யோசித்தாராம். மறுநாள் மறுப்பு எழுதி எடுத்துக்கொண்டு போனார். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இப்போது அப்பா அதிகம் பேச மாட்டார். வந்த கடிதத்தைக்கூட எங்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்ல மாட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. வினாத்தாளில் கேட்டதால் எழுதுகிறேன். மற்ற நான்கு காரணங்கள் எனக்குத் தெரியாது.'

அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. கனமான, நிதானமான குரல். அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பிய குரல். அன்று மாலை என் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அச்சகத்தில் ராத்திரி ஷிப்டு, எட்டு மணிக்குத்தான் கிளம்புவான். பத்தொன்பது வயசு, ஒரு வம்புதும்புக்கும் போகாதவன். செய்தியைக் கேட்டதும் நான் ஓடிப்போய் அவனை உலுக்கினேன். "ஊரே எரியுது, நீ பொணம் மாதிரி தூங்கறியே" என்றேன். அவன் எழுந்து, தெருவில் திரண்ட கூட்டத்தோடு பாலத்தைத் தாண்டிப் போனான். மூன்றாம் நாள் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். அந்தக் கூட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை வீட்டைக் கொளுத்தியது என்பது எங்கள் புத்தகத்தில் இல்லை.

நான் சொன்ன அந்த வார்த்தையை அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா இன்றைக்கும் யார் கேட்டாலும், "நாப்பத்தொரு உயிருக்காகப் போனான் என் புள்ள" என்பாள். அந்த நாற்பத்தொன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் இருந்தாள், நானும் இருந்தேன். விடைக்குறிப்பில் அதை முதலாவதாக எழுதியபோது எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. நன்றாக வேண்டும் என்று தோன்றியது. என் தம்பியைக் கிளப்பிவிட்ட வாய்க்குப் பிறந்தது மூன்று மார்க்கில் போனால் போகட்டும். பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன், இப்போது படித்த அடையாளம் ஆயிற்று. கூட்டல்காரப் பெண்ணின் மேஜையில் தாளை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

 செவ்வாய்க்கிழமை என்ற சொல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. அது அந்த வானொலிக்காரருக்கு மட்டுமா தெரியும்? எனக்கும் தெரியும். அன்று காலையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னபோது, "இன்னிக்கு செவ்வாய்மா, நாளைக்குத்தான் கடை" என்று நானே சொன்னேன். அதே நாள் சாயங்காலம் நாற்பத்தொரு பேர் கடைவீதியில் செத்தார்கள் என்றதும் நம்பினேன். எங்கள் புத்தகம் வந்த பிறகு ஏழு வருஷம், வருஷத்துக்கு மூன்று வகுப்பு, கரும்பலகையில் தேதியையும் கிழமையையும் என் கையாலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். கிழமையை விட்டால் அரை மார்க் குறைப்பேன். சரித்திர டீச்சராம், நல்ல டீச்சர். இருந்த இடத்திலேயே கண்ணீர் வந்துவிட்டது.

தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பச்சை மையிடம் போனேன். முதன்மைத் தேர்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஒருமுறை சிவப்பில் போட்ட மார்க்கை மாற்ற வேண்டுமென்றால் அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர். முகாமில் அவருக்கு எல்லோரும் மரியாதை தருவோம், ஆனால் மதியம் அவர் தனியாகத்தான் சாப்பிடுவார்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுதாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"அஞ்சு காரணம் கேட்டோம் டீச்சர். ஒண்ணுதான் இருக்கு."

"நம்ம அஞ்சுல முதல் காரணமே பொய் சார். மத்த நாலும் அது மேல ஏறி நிக்குது."

"மூணு போட்டா பாஸ் ஆகிடுமே. மூணு போடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

"மூணு போட்டா பரிதாபப்பட்டுப் போட்ட மாதிரி ஆகிடும் சார். சரின்னா அஞ்சு. தப்புன்னா பூஜ்யம்."

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "என் நிலைமையையும் யோசிங்க. அந்தப் பக்கத்து ஆள் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தையே மாத்திட்டான்னு கிளப்பிவிடுவாங்க. பென்ஷன் வாங்கப் போற நேரம்."

"காரணத்தை நான் எழுதித் தரேன். குறிப்பு எழுதினவளும் நான்தான்."

"உங்க பக்கத்துல உங்கள என்ன சொல்வாங்க?"

மாற்றத்துக்கான படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதில் 'காரணம்' என்ற இடத்தில் இரண்டே வரிதான் இடம் விட்டிருப்பார்கள். அதற்குள் அடக்கி எழுதினேன். 'விடைக்குறிப்பின் முதல் குறிப்பு தவறு. அன்று செவ்வாய்க்கிழமை, கடைவீதி அடைப்பு. குறிப்பை எழுதியவள் என்ற முறையில் மாணவரின் விடையை ஏற்கிறேன்.' கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டேன். 

அவர் அதை வாங்கிப் படித்தார். "எங்க பக்கமும் ஒரு ரேடியோ இருந்துச்சு டீச்சர்" என்றார். "நீங்க எங்க கிணத்துல விஷம் கலந்துட்டீங்கன்னு சொல்லுச்சு. நானும் நம்பினேன். என் பெரியவனை நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்." பிறகு பூஜ்யத்தை அடித்து, ஐந்து என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பஸ் ஏறிய பெரியவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கூட்டல்காரப் பெண் முப்பத்தேழு என்று திருத்திக்கொண்டாள்.  நான் போகும்போது என் பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தாள்.

இனிமேல் அந்தப் படிவம் மேலே போகும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம் யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள். விஷயம் வெளியே வந்து, வேறு யார் வாய் வழியாகவோ அம்மா காதில் விழுவதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று நூறு விதமாக ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விடைத்தாள், வானொலிக்காரர், துணிக் கிடங்கு, செவ்வாய்க்கிழமை. அவள் கை நிற்கவில்லை. நாற்பத்தொரு பேர் என்று ஒருவருமே இல்லை என்று சொன்னபோது மட்டும் ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"இன்னொண்ணும் இருக்கும்மா" என்றேன். "அன்னிக்கு அவன் தானா எழுந்து போகல. நான்தான் உலுக்கி எழுப்பினேன். பொணம் மாதிரி தூங்கறியேன்னு சொன்னேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படி?"

"அடுப்படியிலதான் இருந்தேன். இவ்வளவு பெரிய வீடா நம்மளோடது, கேக்காம போக?"

பன்னிரண்டு வருஷம். ஒரே கூரைக்கு அடியில், ஒரே தட்டுகளைக் கழுவிக்கொண்டு. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை என்று கேட்டேன்.

"உன்னை எந்த வாயால திட்டறது?" அம்மா துணியைக் கீழே வைத்தாள். "எழுந்தவன் நேரா தெருவுக்குப் போகலடி. அடுப்படிக்கு வந்து நின்னான். 'அம்மா, நான் போகணுமா, எனக்கு ஷிப்டு இருக்கே'ன்னு கேட்டான். நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா உக்காந்திருப்பான். அவன் அப்படிப்பட்ட புள்ளதானே. நான்தான் போயிட்டு வாடான்னு சொன்னேன்."

"ஏம்மா?"

அம்மா வாசலைப் பார்த்தாள். எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, அந்தத் தெருவில் அன்றைக்குப் பையன்களை அனுப்பிய வீடுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

"தெருவுல எல்லா வீட்டுப் பையனும் போறான். நம்ம வீட்டுப் பையன் மட்டும் போகலைன்னா, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னுதான்."