பெட்டியின் முதுகில் ஒரு ஸ்வெட்டர்

1

இந்தக் கதை ஓர் ஈர ஸ்வெட்டரில் தொடங்கியது. குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில், தகவல்களைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டியின் பின்புறம் அதைக் காயப்போட்டிருந்தார்கள். யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வந்திருக்காது.

முதலில் எழுதிய வரி: மலைமேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த

[வேண்டாம். இங்கே மூடுபனி செய்தி அல்ல.]

2

ஷைனா அந்த அறையைப் பார்த்துக்கொள்பவள். ஆஸ்பத்திரியின் பில், ஸ்கேன் படம் எல்லாம் மூன்று பெட்டிகளில் சேர்கின்றன. வேலையை மூன்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. முதல் பெட்டியின் முதுகு பில்லிங் அறைப் பக்கம். நடுவில் பலகைத் தடுப்பு, அதில் ஓர் இடைவெளி. பெட்டி உழைத்தால் அதன் வழியே சூடான காற்று போகும்.

டிசம்பரில் பில்லிங் சில்வஸ்டர் அந்த இடைவெளியில் முகத்தை வைத்தார்.

"ஏனுங்க ஷைனா, இந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் வேலை சேத்திக் குடுங்க. விரல் விறைச்சுப்போச்சு."

"அது உழைக்கோணும், நீங்க குளிர்காயோணுமாக்கும்."

"பெட்டிக்கு என்னங்க, யூனியனா இருக்குது?"

சிரித்தாள். பெரும்பாலான வேலையை முதல் பெட்டிக்கே திருப்பினாள். குளிர் விட்டதும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மறந்தாள்.

[குளிர் விடுவது என்பதே இங்கே ஒரு பேச்சுக்குத்தான்.]

3

தேயிலை எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது தொழிலாளி மூக்கன் விழுந்தார். தலையில் அடி. ஸ்கேன் படம் முதல் பெட்டியில் சேர்ந்தது. கோயம்புத்தூர் டாக்டர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: இங்கேயே வைத்துக்கொள்வதா, மலை இறக்குவதா. இறக்கினால் ஒவ்வொரு வளைவிலும் தலை ஆடும். இறக்காமல் விட்டு, உள்ளே ரத்தம் கசிந்தால்

[இதை முடிக்கவில்லை.]

"படம் வராம சுத்திட்டே இருக்குதுங்க," என்றார் டாக்டர் போனில். "பாக்காம எப்படிச் சொல்றது?"

வராந்தாவில் மூக்கனின் மனைவி மாரியாயி, அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷைனா திரையைப் பார்த்தாள். முதல் பெட்டி திணறியது. மற்ற இரண்டும் சும்மா இருந்தன. டிசம்பர் ஞாபகம் வந்தது.

4

ஒரு வரைவில் மூக்கன் இறந்தார். கதைக்குக் கனம் கூடியது. மறுநாள் படித்தபோது தெரிந்தது: எல்லாப் பாரத்தையும் ஷைனாமேல் ஏற்றியிருந்தேன். பக்கத்தில் சில்வஸ்டர் சும்மா நின்றார். நானும் நின்றேன்.

கிழித்தேன்.

5

பில்களை இரண்டாவது பெட்டிக்குத் திருப்பினாள். தகவல்களைப் பிரதி எடுக்கும் வேலையை மூன்றாவதற்கு. பில்லிங் அறையில் கம்ப்யூட்டர்கள் சற்று நேரம் நின்றன. யாரோ திட்டினார்கள். முதல் பெட்டியின் விசிறிச் சத்தம் தணிந்தது.

"வந்துருச்சுங்க," என்றார் டாக்டர். மௌஸ் சொடுக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "கசிவு எதுவும் இல்லீங்க. அங்கேயே வெச்சுப் பாருங்க."

ஷைனா தரையில் உட்கார்ந்தாள். மாரியாயி செருப்பை எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். சாயங்காலம் மூக்கன் டீ கேட்டார். குடித்துவிட்டு, "வெறும் டஸ்ட்டு, மட்டத் தூளு," என்றார்.

6

இடைவெளியில் சில்வஸ்டரின் முகம்.

"ஏனுங்க, சூடு நின்னுபோச்சுங்களே. பெட்டிக்கு லீவா?"

ஷைனாவின் பதிலை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், நடந்தது முழுவதையும் சொல்கிறாள். இன்னொன்றில், பெட்டியின் முதுகில் இன்னும் காயாமல் கிடக்கும் அவருடைய ஸ்வெட்டரை எடுத்து இடைவெளி வழியே நீட்டுகிறாள்.

மூன்றாவது உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். பாரத்தை அவள் ஒருத்தி தலையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.