எர்த் ஒயருக்கு அடியில்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். வீரமுத்து ஒன்றும் தெரியாதவர்போல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தூக்கிவிட்டிருந்த பொனட்டுக்குப் பின்னாலிருந்து மகள் மயூரியின் குரல் மட்டும் வந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குப்பா. மறுபடி திருப்புங்க."

டக்.

"உன் மைவி காருலயே போயிடலாம்லா. ஏசி இருக்கு. படையல் சாமானும் ஆடாம வரும்."

"மைவியில ஏறுனா அம்மாவுக்குக் கொமட்டும். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. புனிதா போய் நாளையோடு ஒரு வருஷம். போர்டிக்சன் கடலில்தான் அஸ்தி கரைத்தார்கள். நாளை விடிந்ததும் அதே கரையில் திதி. அம்மா ஆசையாக ஏறிப்போன பழைய டட்சனில்தான் போகவேண்டும் என்று மயூரி தன் பாரோய் வீட்டிலிருந்து மீட்டரும் ஒயர்களுமாக வந்து இறங்கியிருந்தாள். செனவாங் தொழிற்சாலை ஒன்றில் மெஷின்களைப் பழுது பார்ப்பவள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று வீரமுத்துவுக்குத் தெரியும். கார் ஏன் கிளம்பவில்லை என்பதும் தெரியும். அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

போன வருஷ ஆயுத பூஜைக்கு முதல்நாள் அவர் எர்த் ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார். பேட்டரியின் கறுப்பு ஒயர் காரின் இரும்பு உடம்போடு சேருகிற இடம் அது. அங்கே சுத்தமில்லை என்றால் கரண்டு திரும்பிப்போக வழியில்லை, எவ்வளவு நல்ல பேட்டரியானாலும் வீண். பெயிண்டும் துருவும் போகத் தேய்த்து, ஐம்பது காசு அகலத்துக்கு இரும்பைப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் புது போல்ட் எடுக்க வீட்டுக்குள் போனார். வந்து பார்த்தால் புனிதா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். டயர், ஜாக்கி, ஸ்பானர் என்று வருஷா வருஷம் ஒன்று விடாமல் பொட்டு வைக்கிறவள்தான். மருந்து அவள் முடியையெல்லாம் கொண்டுபோயிருந்தது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர் தேய்த்து வைத்த இடத்தில், போல்ட் ஓட்டை அடைபடும்படி, தடிப்பாக ஒரு பொட்டு.

"ஏய், அங்க எதுக்கு வச்ச? கரண்டு போற எடம்."

"வெறும் நெத்தியா இருந்துச்சு. பாக்க நல்லால்ல."

துணி கையில்தான் இருந்தது. துடைக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவர் பாய்லர் பார்த்த மில்லில் அவருக்குக் கீழே எவனாவது இப்படி வேலை செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பார். நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, பொட்டின் மேலேயே ஒயரை வைத்து முடுக்கினார். அதற்குப் பிறகும் கார் கிளம்பியது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போன காலையில்கூட ஒரே திருப்பில் கிளம்பியது. அவள் இல்லாமல் வீடு திரும்பிய பிறகு, அடைமழையில் ஈரம் ஏறி ஏறி ஒருநாள் நின்றுபோனது. அவரும் அப்படியே விட்டுவிட்டார். மழை விட்ட நாட்களில் பொனட்டைத் திறந்து அந்த போல்ட்டைப் பார்த்துவிட்டு மூடுவார்.

"ஸ்டார்ட்டர் பிரஷ் தேஞ்சிருக்கும் மயூரி."

அவள் சுத்தியல் பிடியால் ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்தாள். டக்.

"அப்ப சொலனாய்டுதான்," என்றார் வீரமுத்து.

"சொலனாய்டு போயிருந்தா இந்த டக்கு எங்கேர்ந்து வருது? முப்பது வருஷம் பாய்லர் பாத்த ஆளு பேசற பேச்சா இது?" மயூரி பொனட்டைச் சுற்றி வந்து கதவருகே நின்றாள். "அப்பா, நாளைக்கு வர உங்களுக்கு இஷ்டமில்லையா?"

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். செம்பனைகளுக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு சன்னாசி சைக்கிளில் போகிறபோது, "என்னாண்ணே, காடி இன்னும் தூங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மயூரி திரும்பிப் போய் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் கறுப்புத் தலையிலும் இன்னொன்றை காரின் உடம்பிலும் வைத்தாள்.

"திருப்புங்க. விடாதீங்க."

டக். அவர் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"போதும், போதும். ஒம்பது வோல்ட் காட்டுது. ஒண்ணுமே காட்டக்கூடாது இங்க. எர்த்து சேரலப்பா." பிறகு, "அம்மாடி, போல்ட்டு கொதிக்குது!"

வீரமுத்து இறங்கி முன்னால் வந்தார். மயூரி சுட்ட விரலை உதறக்கூட இல்லாமல், என்ஜினுக்குள் முகத்தைத் தாழ்த்தியபடி நின்றிருந்தாள்.

"அப்பா... சந்தனம் வாசம் வருது."

அவர் சொன்னார். நாற்காலி, கிண்ணம், வெறும் நெற்றி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மயூரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அதான் பிரஷ்ஷு, சொலனாய்டுன்னு என்னைய பித்துப் புடிக்க வச்சீங்களா?" சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கிரீஸ் இழுபட்டது. "வேற எடத்துல இன்னொரு ஒயர் போட்டுருவோம்பா. இது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவரும் இத்தனை மாதமாக அதைத்தான் யோசித்திருந்தார்.

"இருந்தா அரிச்சுரும். துரு ஏறி அந்த எடமே பொடியாயிரும்." கொஞ்ச நேரம் போல்ட்டையே பார்த்தார். "உங்கம்மாவக் கூட்டிட்டுப் போன காடி. நாளைக்குக் கடலுக்குப் போவணும்."

பெட்டியிலிருந்து ஸ்பானரை அவரே எடுத்து போல்ட்டில் மாட்டினார். கை அதற்கு மேல் போகவில்லை.

"மயூரி, நீ போய் ஒருக்கா திருப்பு."

"ஸ்டார்ட் ஆவாதுப்பா."

"தெரியும்லா. திருப்பு."

மயூரி அவர் முகத்தைப் பார்த்தாள். போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வீரமுத்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு முழங்கைகளையும் காரின் விளிம்பில் ஊன்றிக் குனிந்தார். போல்ட் ஆறிப்போயிருந்தது; எண்ணெயும் பழைய ரப்பரும் மட்டும் மணத்தன.

டக்.

அவர் மூச்சை உள்ளே இழுத்தபடி, மகளுக்குத் தெரியும்படி ஒரு கையை வெளியே நீட்டி, விடாதே என்று காட்டினார்.