நான்காக மடித்த தாளின் கடைசி வரி

1

இந்தக் கதை ஒரு முட்டை ஓட்டிலிருந்து பிறந்தது என்று முதலில் எழுதினேன். கேட்க நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன். இது பிறந்தது என் கோட்டுப் பையில். பதினோரு வருடமாக அங்கே ஒரு தாள் நான்காக மடிந்து கிடக்கிறது. என் அண்ணி ரொடாந்தியின் வயிற்றைப் பற்றி டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதை வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டியவன் நான். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை.

அந்த வரி இப்படித் தொடங்கும்: நோயாளியின் குடலில்

(இப்போது வேண்டாம்.)

2

வேறு தொடக்கம். 'கிரீட் தீவின் மலைச்சரிவில் ஆலிவ் இலைகள் வெள்ளியாய் மின்ன...'

இப்படி எழுதுகிறவன் ஆலிவ் மூட்டை தூக்கியதில்லை. நான் பன்னிரண்டு வயதிலிருந்து தூக்கியிருக்கிறேன். மரத்தடியில் வலை விரித்து, கிளையைக் கம்பால் அடித்து, ஐம்பது கிலோ மூட்டையைச் செக்குக்குச் சுமந்த முதுகு இது. மத்தியானம் காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொள்வோம். சாயங்காலம் அவரைக்கொட்டை, கொண்டைக்கடலை, காட்டுக் கீரை, மேலே எங்கள் எண்ணெய். கறி வாங்க வழியில்லாததால் அதைத் தின்றோம். அதற்கு அப்போது ஒரே பெயர்தான், இல்லாமை.

பிற்பாடு வெளிநாட்டுக்காரர்கள் வந்து இதயத்துக்கு நல்லது, ஆயுளுக்கு நல்லது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஊர் முகப்பில் ஒரு பலகை நட்டார்கள்: 'நூறு வயதின் சமையலறைக்கு வருக.' அந்த வாசகம் என்னுடையது. படத்தில் கொண்டைக்கடலைத் தட்டோடு நிற்பது என் அம்மா அர்கிரோ. எங்கள் பக்கத்து ஆண்கள் சாலைப் பலகையைக் கண்டால் துப்பாக்கியால் சுட்டுக் குறி பார்ப்பார்கள். அந்தப் பலகையை மட்டும் யாரும் சுடவில்லை.*

* நான் ஒரு தடவை சுடப் போனேன். தோட்டா இருந்தது. படத்தில் அம்மாவும் இருந்தாள்.

3

ரொடாந்தி கடற்கரை ஊரில் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். என் அண்ணன் மனூசோஸைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். வந்த இரண்டாம் வருடம் வயிறு தொடங்கியது. கடலையோ அவரையோ தின்ற ஒரு மணி நேரத்தில் வயிறு மேளம் மாதிரி இறுகும். சில நாள் கழிப்பறைக்கும் அடுப்படிக்கும் ஓட்டம். சில வாரம் ஒன்றுமே போகாது.

அப்போது வாரம் மூன்று சுற்றுலாப் பேருந்து வரும். எங்கள் முற்றத்தில் பந்தி. பரிமாறுகிறவளும் விருந்தாளியோடு உட்கார்ந்து அதே பாத்திரத்திலிருந்து தின்ன வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தின்னாவிட்டால் சாப்பாட்டில் ஏதோ குறை என்று அர்த்தம். ஆகவே ரொடாந்தி தின்றாள். ஒரு நாள் ஒரு வெளிநாட்டு அம்மாள், உன் இடை இவ்வளவு மெலிந்திருக்க என்ன ரகசியம் என்று கேட்டாள். மொழிபெயர்க்க நான் இருந்தேன்.

"சாப்பிட்டா வலிக்குது, அதனால மெலிஞ்சிட்டேன்னு சொல்லு தம்பி" என்றாள் ரொடாந்தி, சிரித்த முகத்தோடு.

ஆலிவ் எண்ணெய்தான் ரகசியமாம் என்று நான் சொன்னேன். கைதட்டினார்கள். எண்ணெய்க்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்பது அவளுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

4

ஒன்பது கிலோ குறைந்த பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், என் வண்டியில். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நம் கழுதை சாகக் கிடந்தபோதுகூட இவ்வளவு சோதனை இல்லையே என்று அண்ணன் போனில் கேலி பண்ணினான். ரொடாந்தி இன்னும் தெளியாமல் கிடந்ததால் டாக்டரம்மா தாழ்வாரத்தில் என்னிடம்தான் பேசினார். அச்சடித்த முடிவுகளுக்குக் கீழே, கையால், ஒரு வரி எழுதினார்.

திரும்பும்போது வண்டிக் கண்ணாடியில் தலை சாய்த்தபடி ரொடாந்தி கேட்டாள்: "என்ன சொன்னாங்க தம்பி?"

வீட்டுக்குப் போய் வாசிக்கிறேன் என்றேன்.

வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெங்காயமும் பூண்டும் போட்டு, ராத்திரி முழுக்க அடுப்பில் வெந்த கொண்டைக்கடலை. பக்கத்தில் கோதுமை ரொட்டி. நான் நின்றுகொண்டு வாசித்தேன். புண் இல்லை. கட்டி இல்லை. ரத்தம் சரி. கல்லீரல் சரி. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்தது கையெழுத்து வரி. அதில் தள்ளி வைக்கச் சொன்னதெல்லாம் அந்த மேசை மேல் ஆவி பறக்க இருந்தது. அகப்பை அம்மா கையில். மறுநாள் காலையில் இரண்டு பேருந்து வருகிறது. பலகையின் வாசகம் என்னுடையது.

'அவ்வளவுதான்' என்று தாளை மடித்தேன்.

நோயில்லை என்று கேட்டால் யாருக்கும் முகம் மலரும். ரொடாந்தியின் முகம் வாடியது. ஒரு வாரம் கழித்துத் தாளைக் கேட்டாள். செக்கில் எங்கோ தொலைத்துவிட்டேன் என்றேன். அப்போதும் அது பையில்தான் இருந்தது.

5

இந்த இடத்தில் அம்மாவைக் கெட்டவளாக்கி மூன்று பக்கம் எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

அம்மா சாலை போடும் வேலையில் கல் சுமந்தவள். ஏழு பேர் வயிற்றை மலையில் பிடுங்கிய கீரையால் நிரப்பியவள். அவள் சமைத்ததை ஒருத்தி தள்ளி வைத்தால், அவள் பாடுபட்டதையே தள்ளி வைத்தது போல அவளுக்குச் சுட்டது. வலி என்று சொன்னவளுக்கு இன்னும் ஒரு கரண்டி எண்ணெயும் கடலையும் போட்டது வன்மத்தால் அல்ல. அதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். தாளை முழுக்கக் கேட்டிருந்தால் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் தனியாகச் சோறு வடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். கேட்கிற வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

6

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு எங்களுக்கு ஏழு வாரம். கறி, மீன், பால், முட்டை எதுவும் கூடாது. மிஞ்சுவது பயறும் வெங்காயமும் ரொட்டியும்தான். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று பாதிரியாரே சொல்வார்.

பெரிய வியாழன் அன்று வீட்டில் இருக்கிற முட்டையெல்லாம் சிவப்புச் சாயத்தில் வேகும். ஞாயிறு வரை யாரும் தொடக்கூடாது. அன்று கோழிக்குப் போடும் வாளியில், காப்பிச் சக்கைக்கு அடியில், வெள்ளை ஓடு கிடந்ததை அம்மா பார்த்தாள்.

"நான்தான் அத்தை தின்னேன்" என்றாள் ரொடாந்தி. "சோறும் முட்டையும்தான் வயித்துல சத்தமில்லாம கிடக்குது."

"வாய் கேக்குது. பழிய வயித்து மேல போடுறா."

"சீக்காளிக்கு நோன்பு இல்லன்னு சாமியாரே சொல்லியிருக்காரு."

"நீ சீக்காளியா? எந்தத் தாள்ல எழுதியிருக்கு? வாசிச்சவன் இந்தா நிக்கிறான், கேளு."

கேட்டாள். வாயால் இல்லை. அண்ணன் பார்த்தான், அம்மா பார்த்தாள், அவள் பார்த்தாள். என் கை கோட்டுப் பைக்குள் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தாள்ல ஒண்ணும் இல்ல அண்ணி" என்றேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. எண்ணெய்கூடக் கிடையாது, பருப்பும் வினிகரும் மட்டும். ரொடாந்தி ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கினாள். ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு, நல்லா இருந்துச்சு அத்தை என்றாள். அன்று சாயங்காலம் ஊரே ஏசுவின் பூப்பல்லக்குக்குப் பின்னால் நடந்தது. அவள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். நோன்பு முறித்தவள் வெட்கப்பட்டு வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது. நடந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பையோடு கிளம்பினாள், ரெதிம்னோ நகரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு. ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்றான் அண்ணன். வாசலில் என்னிடம் மட்டும் சொன்னாள்:

"நீ வாசிச்சது சரியாத்தான் இருக்கும் தம்பி. எனக்குத்தான் மனசு கெட்டுப்போச்சு போல. இல்லாத வலிய வலின்னு சொல்றேன்."

7

முடிவுகள்.

அ. வியாழக்கிழமை அந்த வாளி முன்னால் நின்று நான் தாளை எடுத்து வாசிக்கிறேன். அம்மா அகப்பையைக் கீழே வைக்கிறாள். இதை நான்கு விதமாக எழுதிவிட்டேன். நான்கிலும் நான் நல்லவன்.

ஆ. வருடங்கள் கழித்து அவள் என்னை மன்னித்து, மீன் வறுத்துப் போட்டு

(அடித்தாயிற்று. அவள் சார்பில் மன்னிக்க எனக்கு என்ன உரிமை?)

இ. நடந்தது. அம்மா தொண்ணூற்றொரு வயதில், தூக்கத்தில் போனாள். பலகை அவள் விஷயத்தில் சரிதான். அண்ணன் தனியாக இருக்கிறான். ரொடாந்தி ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு துவைக்கிறாள். போன மாதம் அவளைப் பார்த்துவிட்டு வந்த மீன்காரர் சொன்னார், ஆள் இன்னும் இளைத்துத்தான் இருக்கிறாளாம். டாக்டரிடம் போகக் கூடாதா என்று கேட்டதற்கு, 'எனக்கு மனசுலதான் கோளாறு, தாள்லயே ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு' என்றாளாம்.

ரெதிம்னோ பேருந்து எங்கள் ஊரிலிருந்து காலை ஏழேகாலுக்குப் போகிறது. மூன்று தடவை நிறுத்தத்தில் நின்றிருக்கிறேன். மூட்டை தூக்கிய உடம்பு இது, ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியவில்லை. நான்காவது தடவை ஏறினேன் என்று எழுத எனக்குக் கை வரும். ஏறாமல் அப்படி எழுதமாட்டேன். ஒரு தடவை வாசித்து ஏமாற்றியது போதும்.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. மடிப்பில் மை மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. நான் தாண்டிப் போன வரியை இங்கே இறக்கி வைக்கிறேன். மனசுக்குள் படிக்காதீர்கள். வாய் விட்டு வாசியுங்கள்:

'நோயாளியின் குடலில் புண்ணோ கட்டியோ இல்லை. அது இயங்கும் விதத்தில்தான் கோளாறு. சோதனையில் தெரியாது, ஆனால் வலி நிஜம். பயறு, வெங்காயம், பூண்டு, கோதுமை இப்போதைக்குத் தள்ளி வைக்கவும். எண்ணெய், மீன், சோறு, முட்டை ஆகலாம். தவறாமல் வீட்டாருக்கு வாசித்துக் காட்டவும்.'