சொல்வதெழுதுதல்

வாசலில் போலீஸ் லேண்ட்ரோவர் வந்து நின்ற சத்தம் முத்தேயுவுக்குக் கேட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஏற்கெனவே எழுதிய வரியின் மேலேயே சாக்பீஸை இன்னொரு தடவை ஓட்டினாள்.

எதிர்பார்த்ததுதான். இரண்டு வாரமாக, படுத்தால் எழுந்தால் அவளுக்கு இதே நினைப்பு. கற்றாழை நார் உரிக்கும் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதிய ஏழே வரி. அன்றைக்கே எஸ்டேட்டில் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர், அவளிடம் படிக்கும் மைங்கியின் சித்தப்பா. அவருக்குக் கால் செருப்புக்குள் நுழையவில்லை. எங்கே வைத்திருந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று அவர் வாய் திறக்கவில்லை. நாலாவது ஆள் இன்னும் வரவில்லை.

அந்த ஏழு வரியையும் எழுதியது முத்தேயு.

சொந்த ஊரான கிட்டூயிலிருந்து கிப்வெஸிப் பள்ளிக்கு ஸ்வாஹிலி டீச்சராக வந்து இரண்டு வருஷம். பிள்ளைகளில் முக்கால்வாசி எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள். சனிக்கிழமை மத்தியானம் பட்டிமன்றக் குழு என்று ஒன்று ஆரம்பித்தாள். முதலில் 'நகரமா, கிராமமா' என்று பேசினார்கள். அப்புறம் ஒரு நாள், "உங்கப்பா வெட்டுற கத்தாழையில ஒரு முழக் கயிறாவது உங்க வீட்டுல இருக்கா?" என்று கேட்டாள். யார் வீட்டிலும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு, கல்லூரியில் கூடப் படித்த கியாலோ நைரோபியிலிருந்து கொடுத்தனுப்பிய புத்தகத்தை மெல்ல மெல்லப் படித்துக் காட்டினாள். நிலம் யாருடையது, கத்தி யாருடையது, கை யாருடையது. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்கே போதை ஏறிவிட்டது. அந்தப் போதையில்தான் ஏழு வரியை எழுதி மைங்கியிடம் கொடுத்தாள். "நம்ம குழுவுக்கு மட்டும். கங்காணி மக கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது."

கங்காணி மகள் சியோம்புவா. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் அமுக்கமான பெண். குழுவுக்கு வருவாள்; ஒரு வார்த்தை பேசமாட்டாள். "எல்லாத்தையும் மூட்டை கட்டி அப்பாவுக்குக் கொண்டு போறா" என்று பையன்கள் கேலி செய்வார்கள். கொட்டகைச் செய்தி வந்த அன்றே முத்தேயு கியாலோவின் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துக் கக்கூஸ் குழியில் போட்டாள். அவள் கைப்பட எழுதிய தாளை எரித்துவிட்டதாக மைங்கி சொன்னான். எரித்தானா?

தலைமை ஆசிரியர் முசெம்பி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் சாம்பல் நிற கோட்டு போட்ட ஒரு போலீஸ் ஆபீசர். மொம்பாசாக் கடற்கரைப் பக்கத்து ஆள் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. பழுத்த, சுத்தமான ஸ்வாஹிலி.

"உக்காருங்க பசங்களா, உக்காருங்க. பயப்படாதீங்க. நானும் வாத்தியார் மகன்தான்." சிரித்தார். முத்தேயுவிடம் ஒரு தாளை நீட்டினார். "டீச்சரம்மா, இந்தக் கையெழுத்தைப் பாருங்க. இவங்க நோட்டெல்லாம் திருத்துறவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

தாளின் நாலு மூலையிலும் பசை காய்ந்திருந்தது. முதல் வரியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜே, ஒய் மாதிரி வால் எழுத்துக்களின் கீழே பெரிய வளையம், புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம். இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்த கையெழுத்து. சியோம்புவாவுடையது.

யாருக்குத் தெரியக் கூடாது என்றாளோ, அவள்தான் பிரதி எடுத்திருக்கிறாள்.

ஜன்னல் பக்கம் பார்க்கத் துடித்த கண்ணைத் தாளிலேயே பிடித்து வைத்தாள். "தெரியல சார்."

"நல்லாப் பாருங்க."

"எங்க பசங்க எழுத்து இல்ல சார்."

"அப்ப நானே கண்டுபிடிக்கிறேன்." அவர் மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். "எல்லாரும் ஒரு தாள் எடுங்க. மேல பேரு எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும். சொல்வதெழுதுதல். எவனாவது கையை மாத்தி எழுதினான்னா எனக்குத் தெரியும்."

முசெம்பி மெல்லச் செருமினார். "சார், அதுல உள்ளதை அப்படியேவா? இவங்கள்ல பாதிப் பேருக்கு அது என்னன்னே..."

"பாட்டுப் பாடச் சொன்னா கையெழுத்து தெரியுமா சார்?"

அவர் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை, நிறுத்தி, தெளிவாக. நம் வியர்வை, அவர்கள் லாபம். கத்தி பிடிக்கும் கை நம்முடையது, கத்தி நம்முடையதில்லை. நாற்பத்திரண்டு பேனா தாளில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தது பதினொரு பேர். மற்ற முப்பத்தொரு பேரும் இதை இப்போதுதான் முதன்முதலில் கேட்கிறார்கள். நாலாவது வரியில் கோழிப்பண்ணைக்காரர் மகன் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்; ஆபீசர் முறைத்ததும் குனிந்துகொண்டான். முன் பெஞ்சில் ஒருத்தி அழுதுகொண்டே எழுதினாள்.

சியோம்புவாவும் எழுதினாள். எந்த வேகத்தில் எப்போதும் எழுதுவாளோ அதே வேகத்தில். எழுத்தை மாற்றடி, வளையத்தை விடடி என்று முத்தேயு மனசுக்குள் கதறினாள்.

தாள்களை வாங்கி ஆபீசர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் வளையத்தைத் தேடவில்லை. கொட்டகைத் தாளில் ஒரு சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருந்தார். வியர்வை. ஸ்வாஹிலியில் 'ஜாஷோ'. தாளில் 'ன்ஜாஷோ' என்று இருந்தது. அந்தத் தப்பைச் செய்தவன்தான் குற்றவாளி என்று மனசில் முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

முதல் தாளில் 'ன்ஜாஷோ'. இரண்டாவதிலும். மூன்றாவது சரி. அடுத்த ஐந்தும் 'ன்ஜாஷோ'. எண்ணிக்கொண்டே போனவரின் முகம் கறுத்தது. அவர் நாக்கு அறியாதது அது. இந்தப் பக்கத்துக் கம்பா மொழிக்காரன் வாயில் 'ஜ' தனியாக வராது. முன்னால் ஒரு மூக்கொலியை இழுத்துக்கொண்டுதான் வரும். வாயில் வருவது கையிலும் வரும். முத்தேயு இரண்டு வருஷமாகச் சிவப்பு மையில் அடித்து அடித்துப் பார்த்தும் போகாத தப்பு.

"இருபத்தேழு பேரு!" தாள்களை மேசையில் அறைந்தார். "இருபத்தேழு பேரா சேந்து எழுதினீங்க?"

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பு ஆபீசரை எழுந்து நிற்க வைத்தது. அவர் நேராக முத்தேயுவிடம் வந்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. அந்த வார்த்தையை. சத்தமா."

பயிற்சிக் கல்லூரியில் கஷ்டப்பட்டுத் திருத்திக்கொண்ட வாய் அவளுடையது. தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். ஆனால் இப்போது வாய் காய்ந்து, மூச்சு மேலும் கீழும் முட்ட, அம்மாவின் பேச்சுதான் வந்தது.

"ன்ஜாஷோ."

"இருபத்தெட்டு" என்றார் ஆபீசர். "இந்தப் பசங்க எல்லாருக்கும் பொதுவா இருக்கிற ஒரே ஆள் நீதான். நட."

முசெம்பி கதவருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போகும்போது மட்டும், உதடு அசையாமல், "ஸ்வெட்டர் எடுத்துக்கம்மா" என்றார். எடுக்க விடவில்லை.

ஒன்பது நாள். நைரோபியில் ஏதோ கட்டிடம். கண்ணைக் கட்டிக் கொண்டுபோனதால் எதுவென்று தெரியாது. அறையில் கணுக்கால் வரை தண்ணீர். உட்கார்ந்தால் நனையும், நின்றால் கால் வீங்கும். பகலா ராத்திரியா தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து வரும் சத்தம் நின்றுபோகும் நேரம்தான் அதிகப் பயம். யார் எழுதினது, யார் சொல்லிக் கொடுத்தது, யார் பேரு, யார் பேரு. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, அவள் ஒரு பெயரைச் சொன்னாள். கியாலோ. தான்சானியாவுக்குப் போகப் போவதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். இந்நேரம் தாண்டியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் சொன்னாள். தாண்டியிருந்தானா என்று அவளுக்குத் தெரியாது.

வேலையைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கிப்வெஸியில் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கிட்டூயில் அக்கா வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். காலை பத்து மணி வெயில். அவளைக் கண்டவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை.

சாலையைத் தாண்டி சியோம்புவா வந்தாள். கையில் இலையில் பொதிந்த வேகவைத்த சோளமும் அவரையும்.

"ஏண்டி வந்தே? போ. யாராவது பாத்தா..."

"பாக்கட்டும் டீச்சர். எங்கப்பாவே பாத்தா ரெண்டு அடி. அவ்வளவுதானே." சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியது. "சாப்பிடுங்க. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு."

"நீதானே எழுதினே?"

"ஆமா. மைங்கி வச்சிருந்தான். நானே கேட்டு வாங்கி எழுதி ஒட்டினேன். உங்க தாளை எம் முன்னாடியே எரிச்சிட்டான்." எஸ்டேட் பக்கம் பார்த்தாள். "எங்க வீட்டுலதான் கத்தி எல்லாம் இருக்கு டீச்சர். பூட்டு போட்டு. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவாரு. நான் தினமும் பாக்குறேன்."

முத்தேயு இலைப் பொதியை மடியில் இறக்கி வைத்தாள். "நான் அங்க ஒரு பேரு சொல்லிட்டேன்."

பெண்ணின் முகம் வெளிறியது. பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். "எம் பேரா?"

"இல்ல. உன் பேரு என் வாயில வரவே இல்ல. வேற ஒருத்தர்."

"அவரை..."

"தெரியல. தெரியாமத்தான் சொன்னேன்."

போய்விடுவாள் என்று முத்தேயு நினைத்தாள். சியோம்புவா மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வகுப்புல எல்லாருக்கும் அது மனப்பாடம் டீச்சர். பயந்துகிட்டே எழுதினது மறக்குமா? அந்தக் கோழிப்பண்ணைப் பையன் தினம் கேக்கிறான், அதெல்லாம் நெசமானு. என்ன சொல்றது?"

முத்தேயுவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாற்பத்திரண்டு பேர் என்ற எண்ணம் முதுகில் ஐஸாக ஊர்ந்தது. பதினொரு பேர் போதாதென்று நாற்பத்திரண்டு. "எதுவும் சொல்லாதே. யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லு."

"சொன்னேன். கேக்க மாட்டேங்கிறான்."

சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள் முத்தேயு. தூரத்தில் ஒரு லாரி மட்டும். "கொட்டகையில ஒரு நாள் போய் நின்னு பாக்கச் சொல்லு" என்றாள் தணிந்த குரலில். "பாத்துட்டு அவனே சொல்லட்டும்." சொன்ன மறுகணமே ஏன் சொன்னோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பஸ் வந்தது. சியோம்புவா மூட்டையைத் தூக்கி மேலே போட்டாள். கண்டக்டர் கேட்கிற மாதிரி, "அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று உரக்கச் சொன்னாள், முத்தேயுவின் அக்காவைப் பார்த்தே இராதவள்.

கியாலோ எல்லை தாண்டிவிட்டான் என்பது உறுதியாகத் தெரிய ஏழு மாதம் ஆயிற்று. தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலிருந்து திரும்பிய லாரிக்காரர் ஒருவர், சந்தையில் தக்காளி பொறுக்குகிறவர் மாதிரி பக்கத்தில் வந்து நின்று, 'அங்கே நல்லாயிருக்கான்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. அந்த ஆள் யார் அனுப்பியவரோ, யார் கண்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள்.